பெங்களூரை அதிர வைத்த 'பூம்'

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி, புதன்கிழமை. கொரோனா ஊரடங்கினால் பெங்களூர் மக்கள் வீட்டோடு இருந்த நேரம். பிற்பகல் 1.20 மணி அளவில் திடீரென ஒரு பேரோசை எழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. எலக்ட்ரானிக் சிட்டி முதல் ஒயிட்பீல்டு, மாரத்தஹள்ளி, எம்.ஜி. ரோடு, விமான நிலையம் வரை அந்த ஓசை கேட்டது.

பூகம்பமோ என்று பலர் வாசலுக்கு ஓடி வந்தார்கள். விசாகப்பட்டினத்தில் நச்சு வாயு கசிந்து பலர் மாண்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றைய தினமே 'ஆம்பன்' புயல் மேற்கு வங்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நில அதிர்ச்சி எதுவும் பதிவாகவில்லை என்று கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தெரிவித்தபோது பாதி பயம் தெளிந்தது.

மீதியைத் தெளிவித்தது பாதுகாப்புத் துறையின் அறிவிப்பு. விமானப்படையின் சோதனை விமானம் ஒன்று ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்தது. 36 ஆயிரம் அடிக்கும் 40 ஆயிரம் அடிக்கும் இடையே வேகத்தைக் குறைத்தபோது இந்த ஓசை எழுந்திருக்கலாம். விமானம் 65 முதல் 80 கிலோ மீட்டர் தொலைவில் இருந்தாலும் இது கேட்கும் என்றது அறிவிப்பு. இந்த ஓசையின் பெயர் 'சோனிக் பூம்'. அன்று முதல் 'பூம்' என்ற ஆங்கிலச் சொல் பெங்களூர்த் தெருக்களில் புழங்கும் சொல்லாகிவிட்டது.

சொல் பிறந்த கதை

'பூம்' என்பது ஓசையைக் கேட்டு அப்படியே உண்டாக்கிய சொல். நம் 'டமார்', 'படார்' போன்றது. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது. வண்டின் ரீங்காரம், பீரங்கி முழக்கம் போன்ற ஆழ்ந்த ஒலிகளை இது குறித்தது. டச்சு, ஜெர்மன் மொழிகளிலும் இதைப் போன்ற சொற்கள் உண்டு.

'பாம்' என்று நாம் சொல்லும் வெடிகுண்டின் பெயரும் இப்படிப் பிறந்ததுதான். கிரேக்கத்தில் 'பொம்போஸ்' என்றால் ஆழ்ந்து ஒலிக்கும் ஓசை. அது லத்தீன், இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

கிரேனின் நீண்ட கையையும் 'பூம்' என்பார்கள். அது வேறு சொல். மரம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. வியாபாரம் திடீரெனப் பெருகுவதை 'பூம்' என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கு.

தமிழில் என்ன?

தமிழுக்கு ஓசைச் சொற்களில் பஞ்சமே இல்லை. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் ஆரவாரத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். நாம் 'சத்தம்' என்பதும், கன்னடத்தார் 'ஸத்து' என்பதும் 'சப்தம்' என்ற வடசொல்லின் பிள்ளைகள்.

ஆனால் 'பூம்' என்பதற்கு நெருங்கிய சொல் 'அதிர்வு'. முழங்குவதும் அதிர்தல், நடுங்குவதும் அதிர்தல். கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டு காதில் விழும்போதே நெஞ்சிலும் இடிக்கிறது அல்லவா? அன்று பெங்களூரில் நடந்ததும் அதுதான். காது கேட்டது, கண்ணாடி நடுங்கியது.

சாட்டை சொல்லும் பாடம்

ஒலி, தரை மட்டத்தில் மணிக்குச் சுமார் 1,225 கிலோ மீட்டர் வேகத்தில் செல்கிறது. விமானம் அதை மிஞ்சினால், அது கிளப்பும் காற்றலைகள் முன்னே விலகிப் போக நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிச் சுவர்போல் ஆகிவிடுகின்றன. அந்தச் சுவர் நம்மைக் கடக்கும்போது கேட்பதே 'பூம்'. சாட்டையைச் சொடுக்கும்போது 'படீர்' என்கிறதே, அதுவும் இதே வகைதான். சாட்டையின் நுனி அந்தக் கணத்தில் ஒலியை மிஞ்சிவிடுகிறது!

ஒலியின் வேகத்தை மிஞ்சும் கணத்தில் மட்டுமே இந்த ஓசை எழும் என்று நினைப்பது தவறு. அந்த வேகத்தில் பறக்கும்வரை விமானம் ஓசையைத் தன்னோடு இழுத்துக்கொண்டே போகும்.

பெங்களூருக்கு இது புதிதல்ல. 1940-ல் விமானத் தொழிற்சாலை தொடங்கிய ஊர் இது. உள்நாட்டில் உருவான 'தேஜஸ்' விமானம் 2001 ஜனவரி 4-ல் முதன்முதலாகப் பறந்ததும், 2003 ஆகஸ்ட் 1-ல் ஒலியின் வேகத்தை மிஞ்சியதும் இங்கேதான்.

2021-லும் நகரின் சில பகுதிகளில் பேரோசை கேட்டு மக்கள் திகைத்தனர். வானம் அதிர்ந்தால் வதந்தி அதைவிட வேகமாகப் பறக்கிறது. ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும். மீதிப் பயத்துக்கு அதிகாரிகளின் அறிவிப்பு வரும்வரை கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.