கயானா: தென் அமெரிக்காவில் இருந்துகொண்டு வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடுவது ஏன்?

கிளைவ் லாயிட் கயானாக்காரர். ரோஹன் கன்ஹாய் கயானாக்காரர். பெயில்ஸைப் பிடுங்கி, மட்டையின் கைப்பிடியால் தரையில் தட்டிக் கார்டு எடுப்பாரே சந்தர்பால், அவரும் கயானாதான். மேப்பைப் பிரித்தால் அந்த நாடு பிரேசிலுக்கு மேலே, வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்புறம் எப்படி வெஸ்ட் இண்டீஸ் டீமில் இடம்? திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கூடவே இன்னொன்று: "ராக்கெட் விடுவார்களே, அந்தக் கயானாவா?" அது வேறு கயானா. கடைசியில் சொல்கிறேன்.

கொலம்பஸ், சர்க்கரை, அடிமை வணிகம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நேராக மதகுக்குப் போவோம்.

ஆமாம், மதகு. கயானாவில் அதற்குக் கோக்கர் என்று பெயர். உயரமான மரச்சட்டம், நடுவில் தொங்கும் கனத்த கதவு, அதைத் தூக்கி இறக்கச் சங்கிலி. கடல் வற்றும்போது கதவைத் தூக்கினால் வயல் தண்ணீர் வடியும். கடல் ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். இறக்க மறந்தால் ஊருக்குள் கடல் வந்துவிடும். ஏனென்றால் தலைநகர் ஜார்ஜ்டவுன் உட்பட கரையோர நிலம் பெரும்பாலும் கடல் ஏற்றத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சேற்றுக் கரையில் அணை போட்டு நிலம் எடுக்கும் இந்த வித்தையைக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்கள். வித்தை அவர்களுடையது, மண்வெட்டி பிடித்த கை ஆப்பிரிக்க அடிமைகளுடையது. இந்தக் கால்வாய்களுக்காகக் குறைந்தது 10 கோடி டன் சேற்றை வாரியிருக்க வேண்டும் என்ற கணக்கைக் கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி எடுத்துக்காட்டுகிறார். 1763இல் பெர்பிஸ் பகுதி அடிமைகள் கஃபி தலைமையில் கிளர்ந்தெழுந்ததில் என்ன ஆச்சரியம்?

கேள்விக்குப் பதிலும் இந்த மதகில்தான் இருக்கிறது. மதகு இருந்தால் கரும்பு. கரும்பு இருந்தால் ஆள் வேண்டும். ஆளைக் கப்பலில் கொண்டுவந்து, சர்க்கரையைக் கப்பலில் அனுப்பினார்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பது அடர்ந்த காடு. அதனால் ஊர் முழுக்கக் கடலைப் பார்த்து உட்கார்ந்தது. 1814இல் பிரிட்டன் கைக்கு முறைப்படி மாறியபின் ஆங்கிலம், கிரிக்கெட், பார்படோஸ், டிரினிடாட் என்று உறவெல்லாம் கடல் வழியே வளர்ந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் அந்தக் கரைப்பட்டையில்தான் வசிக்கிறார்கள். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான கேரிகாமின் தலைமையகமே ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. பிரேசில் பக்கத்து வீடுதான். ஆனால் வாசல் அந்தப் பக்கம் இல்லை.

அடிமைமுறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் இந்தியாவைப் பார்த்தார்கள். 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பரஸ் என்ற கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தன. 1917 வரை சுமார் 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் போஜ்புரி, அவதி பேசும் வட இந்தியர்கள். மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சிறு பங்குதான். அவர்களை இன்றும் 'மதராசி' என்றே அழைக்கிறார்கள். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. காளி கோயில்களில் தப்பும் உடுக்கையும் இன்றும் ஒலிக்கின்றன. வெஸ்ட் இண்டீஸுக்குப் பந்து போட்ட வீராசாமி பெருமாள் எந்த ஊர் என்று கேட்டால், கயானாவின் பெர்பிஸ்.

கிரிக்கெட்டும் கரும்புத் தோட்டத்துப் பயிர்தான். 1954இல் பார்படோஸின் கிளைட் வால்காட்டைச் சர்க்கரை முதலாளிகள் சங்கம் வேலைக்கு அழைத்தது. தோட்டங்களில் ஆட்டத்தை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. போர்ட் மூரன்ட் என்ற ஒரே தோட்டத்து ஊரிலிருந்து கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் மூவரும் வந்தார்கள். 1960இல் பிரிஸ்பேனில் சாலமன் எறிந்த எறியில் கடைசி விக்கெட் ரன் அவுட்டாகி, டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை' விழுந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். இந்துக் கல்யாணங்களில் 'செவன் கறி': சோறும் ஏழு வகைக் கறியும், பெரிய அல்லி இலையில். அந்த அல்லி எங்கே வளர்கிறது? மதகு காக்கும் அதே கால்வாய்களில்தான்! ரொட்டிக்கோ வேறு கதை. 1980களில் அதிபர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமின் அரசு அந்நியச் செலாவணி இல்லை என்று கோதுமை இறக்குமதிக்குத் தடை போட்டது. மக்கள் சுரினாமிலிருந்து மாவு கடத்தினார்கள். பிடிபட்டால் வழக்கு. ரொட்டி தின்னக் கடத்தல்காரனாக வேண்டியிருந்த தேசம்!

நேரம் ஓடிவிட்டது. உண்மையில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை. கயானாக்கள் மூன்று. கயானா: பிரிட்டனிடமிருந்து 1966இல் விடுதலை. சுரினாம்: பழைய டச்சு கயானா, 1975இல் விடுதலை. பிரெஞ்சு கயானா: தனி நாடே இல்லை, பிரான்ஸின் ஒரு பகுதி, செலவுக்கு யூரோ. இந்தியாவின் கனமான செயற்கைக்கோள்கள் பலவற்றை ஏவிய கூரூ ராக்கெட் தளம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது செய்தியில் அடிபடும் எசக்கிபோ பகுதி. கயானாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. 1899 தீர்ப்பாயம் அதில் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் பக்கம் கொடுத்தது. 1962இல் வெனிசுவேலா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று கிளப்பியது. 2015இல் கயானாவின் கடலில் எண்ணெய் கிடைத்தது, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது, சண்டை சூடேறியது. இதற்கிடையே 2018இல் கயானா சர்வதேச நீதிமன்றம் போனது. 2023 டிசம்பரில் வெனிசுவேலா பொதுவாக்கெடுப்பு நடத்தி, எசக்கிபோவைத் தன் மாநிலமாகவே வரைபடத்தில் சேர்த்துவிட்டது. தேர்வுக்குப் படிப்பவர்கள் மேப் டவுன்லோட் செய்யும்போது எந்த நாடு வெளியிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.