மேட்டுச் சாலையில் சைக்கிள்



தாராவியில் சைக்கிள் நுழையாத சந்து உண்டா? விடிந்ததும் இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு நம் அண்ணன்மார் கிளம்புகிறார்கள். மாதுங்கா, செம்பூர் என்று தெருத் தெருவாகப் போய் விற்கிறார்கள். சைக்கிள் நமக்குச் சோறு போடுகிற வண்டி.

அந்தச் சைக்கிளில் ஒரு நாள் மலைப் பக்கமும் போய் வரலாம். மும்பையைச் சுற்றி மலைகள் இருக்கின்றன. கிழக்கே போனால் மேற்குத் தொடர்ச்சி மலை. இங்கே அதைச் சகியாத்ரி என்கிறார்கள். நம் திருநெல்வேலிப் பொதிகை மலையும் இதே மலைத் தொடரில்தான் இருக்கிறது.

மலைச் சாலையில் போக உடம்பில் பலம் மட்டும் போதாது. சாலையைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

அமைதியான சாலை எது?

லாரியும் பஸ்ஸும் குறைவாக வருகிற சாலையே சைக்கிளுக்கு நல்லது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாலை ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். அதன் தலைப் பகுதியில் வண்ணம் பூசி இருப்பார்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இந்த இரண்டிலும் பெரிய வண்டிகள் அதிகம். ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. அங்கே வண்டிகள் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. "இந்தச் சாலை எங்கே போய் முடிகிறது?" என்று கேளுங்கள். ஒரு கிராமத்திலோ குகையிலோ முடிந்தால் அது அமைதியான சாலை. வேறு ஊருக்குப் போகிற லாரி அந்த வழியில் வர வேண்டியதில்லை அல்லவா?

மும்பைக்கும் புனேக்கும் நடுவே போர்காட் மலைப்பாதை இருக்கிறது. 1830ஆம் ஆண்டில் அங்கே வண்டிச் சாலை திறந்தார்கள். பெயர் பெற்ற பாதைதான். ஆனால் லாரிகள் ஓயாமல் ஓடும். பழகாதவர்களுக்கு அது வேண்டாம். 2002இல் முழுவதும் திறக்கப்பட்ட மும்பை - புனே விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை.

முதலில் போக ஓர் இடம்

மாஹிம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போரிவலியில் இறங்கலாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. இது பெரிய காடு. பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

வாசலில் இருந்து கான்ஹேரி குகை வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மரங்கள். போகப் போக மேடு. மேலே நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. புத்தத் துறவிகளுக்காக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருங்கல்லைக் குடைந்து செய்தவை அவை.

திங்கட்கிழமை போகாதீர்கள். பூங்காவுக்கு அன்று விடுமுறை. காட்டில் சிறுத்தைகள் இருக்கின்றன. ஆகவே காலையில் போய், வெயில் சாய்வதற்குள் திரும்புங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும்.

மேடு ஏன் கடினம்?

லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பலகையைச் சாய்த்து வைத்து ஏறுவார்கள். பலகை குட்டையாக இருந்தால் செங்குத்தாக இருக்கும், மூச்சு வாங்கும். நீளமாக இருந்தால் சாய்வு குறையும். தூரம் அதிகம், ஆனால் சிரமம் குறைவு.

மலைச் சாலையையும் இப்படித்தான் போடுகிறார்கள். நேராகப் போட்டால் வண்டி ஏறாது. அதனால் வளைத்து வளைத்து நீளமாகப் போடுகிறார்கள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி 5 மீட்டருக்கு மேல் முன்னே போகும். சமதளத்தில் இது நல்லது. மேட்டிலோ, ஒரே மிதியில் நம் எடையையும் வண்டியின் எடையையும் அவ்வளவு தூரம் மேலே தூக்க வேண்டும். அதனால்தான் கால் வலிக்கிறது. கியர் சைக்கிளில் இந்தத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பல சுற்று மிதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மிதியும் லேசாக இருக்கும்.

கியர் இல்லையா? மெதுவாக ஏறுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. சாலையில் வலமும் இடமுமாக வளைத்து வளைத்து ஏறாதீர்கள். பின்னால் வரும் வண்டி மோதிவிடும்.

இறங்கும்போதுதான் ஆபத்து

ஏறும்போது களைப்பு வரும். இறங்கும்போது ஆபத்து வரும். இதை மறக்க வேண்டாம்.

மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடியில் 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். இறக்கத்தில் மிதிக்காமலே 30 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அப்போது ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் போகும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு நின்றால் என்ன ஆகும்?

ஆகவே கிளம்பும் முன்பே பிரேக்கைச் சோதியுங்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். பிறகு பின்னால் இழுங்கள். சக்கரம் சுற்றினால் அந்த வண்டி வேண்டாம். வாடகைச் சைக்கிள் என்றால் வேறு வண்டி கேளுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறங்கும்போது இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் வண்டி குப்புறத் தூக்கிப் போட்டுவிடும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். சூட்டில் டியூப் வெடிக்கவும் கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பெல் அடியுங்கள். இடது ஓரமாகவே போங்கள். குறுகலான இடத்தில், மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். மலைச் சாலையின் விதி அது.

மழையில் ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மலையில் மண்ணும் சரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. சைக்கிளுக்கு அதுவே நல்ல காலம்.

பலகையைப் படியுங்கள்

இங்கே சாலைப் பலகைகளில் மராத்தி எழுத்து இருக்கும். மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். "காட்" என்றால் மலைப்பாதை. "வளண்" என்றால் வளைவு. "சாவகாஷ்" என்றால் மெதுவாக. கிலோமீட்டர் கல்லில் மராத்தி எண்கள் இருக்கும். தமிழ் எழுத்தையே கற்றுக்கொண்ட நமக்கு இந்தப் பத்து எண்கள் பெரிய பாரமா? பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையிடம் கேட்டால் ஒரே மாலையில் சொல்லித் தரும்.

பெண்களுக்கும்தான்

"இதெல்லாம் ஆம்பளைகளுக்கு" என்று சில அக்காமார் நினைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அறிவொளி இயக்கத்தில் பெண்கள் படிப்போடு சைக்கிளும் கற்றார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கூலி வேலை செய்கிற பெண்கள், கல் உடைக்கிற பெண்கள் என்று பல்லாயிரம் பேர் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாருக்காகவும் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது.

நீங்களும் முதலில் சமதளத்தில் பழகுங்கள். பிறகு சின்ன மேடு. அதன் பிறகு மலை. தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பேசிப் பாருங்கள்

1. கிராமச் சாலையின் கிலோமீட்டர் கல்லில் என்ன நிறம் இருக்கும்?
2. இறக்கத்தில் பிரேக்கை ஏன் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்?
3. உங்கள் சொந்த ஊருக்குப் பக்கத்தில் அமைதியான மலைச் சாலை உண்டா? அது எங்கே போய் முடிகிறது?