மலையேறி வரும் ஆசான்கள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகின்றவர், காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கும் நடுவே, இச்சிற்றூருக்கு இத்தனை கிறிஸ்தவ வித்தியாசாலைகளும் துறவியர் பயிற்சி இல்லங்களும் எவ்வாறு வாய்த்தன என்று வியப்பது இயல்பே. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிச் சாகுபடிக்கு வித்திட்டார். தோட்டக்காரர்களைத் தொடர்ந்து போதகர்களும் வந்தனர். 1894-இல் குளூனி சபைக் கன்னியர் திருஇருதயப் பள்ளியையும், பிரான்ஸில் தோன்றிய கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் மான்போர்ட் பள்ளியையும் நிறுவினர்.

அவர்கள் தங்குவதற்காக வந்தவர்கள். இக்காலத்திலோ, ஊதியம் கருதாமல், தம் சொந்தச் செலவிலேயே கடல் கடந்து வந்து, கிறிஸ்தவ கலாசாலைகளிலும் வேதாகமப் பள்ளிகளிலும் சில வாரங்கள் தலைமைப் பண்பைப் போதித்துவிட்டுத் திரும்பும் அதிதி ஆசிரியர்களைக் காண்கிறோம். அவர்களுடைய சிரத்தையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அவர்கள் போதிக்கும் விஷயம் கணிதத்தைப் போன்று எந்நாட்டுக்கும் பொதுவானதன்று என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஏனெனில், இம்மலையில் தலைமை என்பது புதிதாக இறக்குமதியாக வேண்டிய சரக்கன்று. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியவர்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடியினரிடையே, ஊர்க்கவுண்டர் முன்னிலையில் இருதரப்பாரையும் உட்காரவைத்து, பேசித் தீரும்வரை பேசவிட்டு, பிறகே தீர்ப்புச் சொல்லும் மரபு நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. காப்பி பறிக்கும் பருவத்தில் தோட்டத்துக்குள் சென்று பார்ப்பவருக்கு இன்னொரு தலைமையும் புலப்படும்: ஒரே கொத்தில் பச்சையும் சிவப்புமாய்க் கலந்து நிற்கும் பழங்களில் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்கும் பெண்களின் வரிசையை, குரலை உயர்த்தாமலே, இன்னார் கை வேகமானது, இன்னாருக்குச் சரிவில் நிற்க இயலாது என்றெல்லாம் அறிந்து நடத்திச் செல்லும் மேஸ்திரியின் தலைமை அது. கரும்பலகையில் அம்புக்குறிகள் வரைவதற்கு முன்பாக அதிதி ஆசிரியர் ஒரு பகற்பொழுதை அங்கே செலவிடலாம்.

குறுகிய காலமே தங்கியவர்களால் பயனில்லை என்று சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டு பேலியோல் கல்லூரித் தலைவர் லிண்ட்சே தலைமையில், 1930-31-இல் இந்தியக் கிறிஸ்தவ கலாசாலைகளைச் சுற்றிப் பார்த்த குழு, மாதக்கணக்கிலேயே இங்கிருந்தது. அதில் இந்தியரும் அங்கம் வகித்தனர். கலாசாலைகளின் பொறுப்பு மென்மேலும் இந்தியர் கைக்கு வரவேண்டும், சுற்றுப்புறத்து மக்களின் வாழ்க்கையோடு அவை தொடர்புகொள்ள வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதை இன்றும் மதிப்புடன் நினைவுகூரலாம்.

பொறுப்பு இந்தியர் கைக்கு வருவது எத்துணை மெதுவாக நிகழ்ந்தது என்பதற்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் சரித்திரம் நல்ல உரைகல். ஸ்காட்லாந்திலிருந்து வில்லியம் மில்லர் வந்தது 1862-இல். பல்லாண்டுகள் முதல்வராயிருந்து, பல தலைமுறை மாணவர்களின் உள்ளத்தில் இடம்பெற்ற அப்பெருந்தகை 1907-இல் பதவி நீங்கினார். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. முதல் இந்திய முதல்வராகச் சந்திரன் தேவநேசன் பொறுப்பேற்றதோ 1962-இல், அதாவது மில்லர் வந்து முழுமையாக ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர்! தலைமையைக் கற்பிப்பவர்களுக்கே அதைக் கைமாற்றித் தருவது எத்துணை அரிதாயிருந்தது என்பதை எண்ணும்போது மனம் சற்றே கனக்கிறது.

ஆதலால், ஏற்காட்டுக்கோ வேறெந்த ஊர்க் கலாசாலைக்கோ அதிதி ஆசிரியரை அழைக்கும் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். அவருக்கு அறையும் வாகனமும் ஏற்பாடு செய்யும்போதே, உள்ளூர் ஆசிரியர் ஒருவரை முதல் நாள் தொட்டு அவருடன் வகுப்பில் நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பாளராக அல்ல, சமமான உபாத்தியாயராக. உதாரணங்களை இவர் சொல்லட்டும், மாணவர்களின் தமிழ்க் கேள்விகளைத் தமிழிலேயே இவர் எதிர்கொள்ளட்டும். மறு ஆண்டு அதே பாடத்தை இவரே தனியாக நடத்துவார் என்று விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.