ஜன்னலைத் திறக்காமலே ஃப்ரெஷ் காத்து... சூடும் வீணாகாது! எப்படி?

2020 டிசம்பர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுக்கோளாறால் இறந்தது. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் விசாரணையில் உறுதியானது. அந்த வீட்டில் போதிய காற்றோட்டமும் இல்லை.

ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதுதானே? நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனா, அங்கே குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால், காசு கொடுத்து ஏற்றிய சூடு அப்படியே வெளியே போயிடும். மூடியே வைத்தால் சமையல், குளியல், மூச்சு எல்லாத்திலிருந்தும் வரும் ஈரம் சுவரில் தங்கும். பூஞ்சைக்கு அது போதும்.

இதற்கான தீர்வுகளில் ஒன்றுதான் 'ஹீட் ரெக்கவரி வென்டிலேஷன்'. ஒரு பெட்டி, இரண்டு ஃபேன். ஒன்று கிச்சன், பாத்ரூமின் ஈரக்காற்றை வெளியே தள்ளும். இன்னொன்று வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் அனுப்பும்.

இரண்டு காற்றுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள். சூடான பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றுவோமே, அதே கதைதான். சூடு மட்டும் கைமாறும். பாலும் தண்ணியும் கலக்காது. உள்ளே 20 டிகிரி, வெளியே 0 என்றால், 80 சதவீதத் திறனுள்ள பெட்டியில் புதுக்காற்று 16 டிகிரியில் நுழையும். மீதி 4 டிகிரிதான் ஹீட்டர் வேலை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991-ல் ஆட்கள் குடியேறிய முதல் 'பாசிவ் ஹவுஸ்' வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்.

இடுக்கும் விரிசலுமாக இருக்கும் பழைய வீட்டில் மாட்டினால் பெரிய பலன் இருக்காது. காற்று பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபில்டரையும் அவ்வப்போது மாற்றணும். சத்தம் வருதுன்னு ஆஃப் பண்ணிட்டா, ஈரம் மறுபடி சுவருக்கே வந்து சேரும்.