வனம் செல்வோர் கடமை

பட்டண வாசத்தில் சலிப்புற்றோர் சில தினங்கள் மலையிலும் வனத்திலும் நடந்து வர விரும்புவது மெச்சத்தக்கதே. ஆனால் மூட்டையில் சகல சாமான்களையும் கட்டிக்கொள்ளும் பலர், விவேகத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகின்றனர். இக்குறை எல்லாத் தேசத்தாருக்கும் பொது.

அமெரிக்காவில் 1872ஆம் வருஷம் ஏற்பட்ட யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசீயப் பூங்காவாகும். 2023ஆம் வருஷம் மே மாதத்தில், அங்கே லாமார் நதியைக் கடந்த காட்டெருமை மந்தையிலிருந்து ஓர் இளங்கன்று பின்தங்கியது. பார்க்க வந்த ஒருவர் அதைக் கையால் தள்ளிக் கரையேற்றினார். அவருக்குத் தீய எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் மந்தை கன்றை ஏற்கவில்லை. அதிகாரிகள் பன்முறை முயன்றும் பயனில்லை. மனிதரையும் மோட்டார் வண்டிகளையும் நாடி வந்த அக்கன்றை முடிவில் அவர்களே கொல்ல நேர்ந்தது. அம்மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். அபராதத்தால் கன்று பிழைத்ததா?

அப்பூங்காவின் விதிகள் எளியவை. காட்டெருமைக்கு 25 கெஜமும், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜமும் விலகி நிற்க வேண்டும். சாதுவாய்ப் புல் மேயும் காட்டெருமை மனிதனைப் போல் மூன்று மடங்கு வேகமாய் ஓட வல்லது. அங்கே அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் அதுவே. கரடிகள் உலவும் வழியில் மூவருக்குக் குறையாமல் செல்க. கரடி திடுக்கிடாதவாறு உரக்கப் பேசிக்கொண்டு நடக்க. எதிர்ப்பட்டால் ஓடற்க, மெல்லப் பின்வாங்குக. உணவு எதுவும் கொடுக்கலாகாது. முற்காலத்தில் அங்கு வந்தோர் வண்டியிலிருந்தே கரடிகளுக்குத் தின்பண்டம் ஊட்டினர். அச்சம் நீங்கி மனிதரை நெருங்கிய கரடிகள் பல சுட்டுக் கொல்லப்பட்டன. அன்பாய்க் கொடுத்த ரொட்டியே அவற்றுக்கு நஞ்சாயிற்று.

நம் முதுமலைச் சாலையில் நடப்பதென்ன? யானையைக் கண்டதும் வண்டியை விட்டிறங்கிப் படம் பிடிக்க நெருங்குவோர் உளர். விபத்து நேர்ந்தாலோ, 'கொலைகார யானை' என்று கூக்குரல் கிளம்புகிறது! வயலை இழந்து வருந்தும் குடியானவனின் முறையீடு வேறு. அதற்குப் பரிகாரம் தேடுவது சர்க்காரின் கடமை. வேடிக்கை பார்க்கச் சென்றவரின் வழக்கு அத்தகையதன்று. அத்துமீறிப் பிரவேசித்தவர் யார் என்பதே முதற்கேள்வி. யானைக்கு வக்கீல் இல்லை என்பதால் நியாயம் மாறிவிடுமா?

வனவிலங்குகளைக் காக்க 1972ஆம் வருஷத்துச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் மரத்துக்கொரு காவலரை நிறுத்த எந்தச் சர்க்காராலும் ஆகாது. தேசத்தின் பொதுச்சொத்தான வனத்தில், காவலர் காணாத இடத்திலும் எட்டி நிற்பவரே அச்சொத்துக்கு உரியவர். தன்னைத் தான் ஆள்வதே சுயராஜ்யம் என்பதை வனத்திற்குச் செல்லும் நம்மவர் மறவாதிருப்பாராக.