அழுக்கும் ஒரு சாட்சி

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாராடாங் தீவு. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகில் போய் இறங்கிச் சற்று நடந்தால் சுண்ணாம்புக் குகைகள். உள்ளே போகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: தொடக்கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் கறுத்துப்போகும். சொட்டுச் சொட்டாக நடக்கும் பாறையின் வளர்ச்சியும் தடைபடும்.

இந்த எச்சரிக்கையையே தொழிலாகக் கொண்டவர்கள் அருங்காட்சியகங்களில் இருக்கிறார்கள். கலைப்பொருள்கள் சிதையாமல் காக்கும் பாதுகாப்பு நிபுணர்கள். பாராடாங்கைச் சூழ்ந்திருக்கும் உப்பும் ஈரமும்தான் அவர்களுடைய முதல் எதிரிகள். அதுவும் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் விஷயத்தில்.

1851-ல் தொடங்கி, இப்போது சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. படையெடுப்புக் காலங்களில் பூமிக்குள் புதைக்கப்பட்ட சிலைகள், வயலை உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெளிவருகின்றன. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவற்றில் பல எழும்பூருக்கு வந்தன. வந்த பிறகு சில சிலைகள் நோயாளியாகின.

பச்சை நிறமெல்லாம் நோயல்ல. வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைப் படலம் சிலைக்குக் கவசம். வெளிர்பச்சையில் மாவு போல உதிர ஆரம்பித்தால்தான் ஆபத்து. மண்ணில் இருந்த உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். காற்றின் ஈரமும் ஆக்ஸிஜனும் கிடைத்ததும் அது விழித்துக்கொள்ளும். அப்போது உருவாகும் அமிலம் மேலும் செம்பை அரிக்கும். அதிலிருந்து மறுபடி அதே சுழற்சி. விட்டுவிட்டால் நகைகளின் நுணுக்கமும் விரல் நுனிகளும் குழிவிழுந்து போகும். 'வெண்கல நோய்' என்று இதற்குப் பெயர்.

வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்காக இருந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். ஆயிரம் வருடச் சிலைக்கு அந்த வைத்தியம் ஆகாது. எழும்பூரில் 1930-ல் இதற்கென்று ரசாயன ஆய்வுக்கூடம் அமைந்தது. அதன் முன்னோடியான எஸ். பரமசிவன் கையாண்ட வழி மின்பகுப்பு. காரக் கரைசலில் சிலையை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தினால் களிம்பு கழன்று, அடியில் மறைந்திருந்த முகமும் அணிகலனும் தெரியவரும். குளோரைடும் வெளியேறும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். மின்பகுப்பில் தீய களிம்போடு நல்ல படலமும் போய்விடும். ஒருமுறை போனால் திரும்பாது. அதனால்தான் பிற்காலத்தில் மென்மையான முறைகள் முன்னுக்கு வந்தன: உருப்பெருக்கியின் கீழ் கூரிய கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது, வாரக்கணக்கில் ரசாயனக் கரைசலில் ஊறவைப்பது, 1960களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த பென்சோட்ரையசோல் பூசுவது, உலர்ந்த காற்றுள்ள பெட்டியில் வைப்பது. எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் புகைப்படம், குறிப்பு. எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் இந்த வேலையில் பாதித் திறமை.

அதன் மதிப்பைக் காட்டியது ஒரு வழக்கு. காவிரி டெல்டா கிராமமான பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-ல் பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நிறுவனம் நல்லெண்ணத்தோடு அவரை விலைக்கு வாங்கியது. மதிப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோதுதான் லண்டன் போலீஸ் அவரைக் கைப்பற்றியது.

இது பத்தூர் நடராஜர்தானா என்பதே கேள்வி. சிலையின் பாணியோடு, அதில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடங்களும் பத்தூரில் கிடைத்த மற்ற சிலைகளோடு ஒப்பிடப்பட்டன. 1988-ல் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சாதகமானது. கோயிலே வழக்காட முடியும் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீடும் தோற்று, 1991-ல் நடராஜர் தாயகம் திரும்பினார். விற்பனைக்காகப் பளபளவென்று துலக்கியிருந்தால், அந்த மண்ணும் தடங்களும் சாக்கடைக்குப் போயிருக்கும்.

இன்றைய கவலை வேறு இடத்தில். திருட்டுக்கு அஞ்சிப் பல கோயில்களின் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கோயிலில் அன்றாடம் அபிஷேகம் செய்து துடைத்து வைக்கும் கைகளாவது இருந்தன; மாற்றம் தெரிந்தால் அர்ச்சகர் கண்ணில் படும். மையத்தில் அந்தக் கண்ணும் இல்லை. இரும்புக் கதவும் பூட்டும் திருடனைத் தடுக்கும். மழைக்கால ஈரத்தைத் தடுக்காது. வெளிர்பச்சை மாவு எந்தச் சிலையில் உதிர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஈரம் அளக்க ஒரு கருவியும் வேண்டும். காவலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது பெரிய தொகையல்ல.