சிறுநீரகத்திற்கும் வேண்டும் ஒரு தொடக்க இருப்பு

முதிர்வுத் தேதிக்கு முன்பே வைப்புத் தொகையைத் திரும்பப் பெற வரும் வாடிக்கையாளர்களிடம் காரணம் கேட்டால், மருத்துவமனைச் செலவு என்ற விடையே நமக்கு அடிக்கடி கிடைக்கிறது. அச்செலவை எதிர்பாராமல் பெருக்கும் நிலைகளுள் ஒன்று, வேறொரு நோய்க்குச் சிகிச்சை பெறும்போது தோன்றும் திடீர் சிறுநீரகப் பாதிப்பு. உலக அளவில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேர்வதாக 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைவதே இந்நிலை. வயிற்றுப்போக்கால் நேரும் நீரிழப்பு, கடும் நோய்த்தொற்று, மலேரியா, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி ஆகியவை நம் நாட்டில் இதற்கு வழிவகுக்கின்றன. மருத்துவமனைக்குள் பெரிய அறுவைச் சிகிச்சை, இரத்த அழுத்தத் தாழ்வு, சில மருந்துகள் ஆகியவை காரணமாகின்றன. முதியோர், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உடையோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி.

தொடக்கத்தில் வலி இராது. இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் உயர்வும் சிறுநீர்க் குறைவுமே அடையாளங்கள். 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலோ, 7 நாட்களுக்குள் முந்தைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, அது பாதிப்பே.

இங்கேதான் பழைய அறிக்கையின் அருமை விளங்கும். வழக்கமாக 0.7 அளவுடைய மூதாட்டி ஒருவருக்கு, காய்ச்சலின்போது 1.2 வருகிறது எனக் கொள்வோம். பல ஆய்வகங்களின் அறிக்கையில் அது இயல்பான வரம்பிற்குள்ளேயே இருக்கும். ஆனால் அவரளவில் அது ஒன்றரை மடங்கிற்கும் மேற்பட்ட உயர்வு. தொடக்க இருப்பு தெரியாமல் கணக்கில் ஏற்பட்ட மாற்றத்தை அறிய இயலாது. இதற்கும் அவ்விதியே பொருந்தும். எனவே ஆண்டுதோறும் எடுக்கும் பரிசோதனை அறிக்கைகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருந்து, மருத்துவமனையில் சேரும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

உடனிருப்போர் செய்யத்தக்கவை மேலும் சில உண்டு. வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் அளிக்க வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது. சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முன், சிறுநீரகத்தின் நிலை சோதிக்கப்பட்டதா எனக் கேட்கலாம். சிறுநீரின் அளவைக் குறித்து வரலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் செவிலியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மிகுதியாக நீர் கொடுப்பதும் தவறு. இதய நோயாளிகளுக்கு அது தீங்காகலாம்.

விரைவில் கண்டறிந்தால், காரணத்தை நீக்கி, நீர்ச்சத்தைச் சீராக்கி, மருந்தளவை மாற்றியமைப்பதே பலருக்குப் போதுமானது. பொட்டாசியம் அபாய அளவிற்கு உயரும்போதும், நுரையீரலில் நீர் கோக்கும்போதும் டயாலிசிஸ் தேவைப்படலாம். நலமடைந்து வீடு திரும்பிய பின்னும் மூன்று மாதத்திற்குள் மறுபரிசோதனை அவசியம். பாதிப்பு நாட்பட்ட நோயாக நீடிப்பதும் உண்டு.

செலவிற்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்துகொள்வோம். ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. 2024 முதல் 70 வயது நிறைந்தோர் அனைவரும் வருமான வரம்பின்றி இதில் சேரலாம். தனியார் காப்பீடு உடையோர், டயாலிசிஸ் செலவும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் ஆகும் பரிசோதனைச் செலவும் எவ்வளவு காலத்திற்கு ஏற்கப்படும் என்பதைப் பாலிசியில் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

காப்பீட்டு அட்டை இருக்கும் உறையிலேயே கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அறிக்கையின் நகலொன்றும் இருக்கட்டும். அவசர நேரத்தில் இரண்டும் ஒருங்கே கைக்கு வரும்.